ஐ.பி. அட்ரஸ் வீட்டு வாசலைக் காட்டாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சைபர் குற்றச் செய்தி எது வந்தாலும் அதில் ஒரு வரி தவறாமல் இருக்கிறது. 'ஐ.பி. முகவரியை வைத்து இருப்பிடத்தைக் கண்டுபிடித்த போலீசார்' என்று. உங்கள் பேப்பரை மட்டும் சொல்லவில்லை, எல்லா பேப்பரும் டிவியும் இப்படித்தான் சொல்கின்றன. படிக்கிறவர் என்ன நினைத்துக்கொள்கிறார் என்றால், நெட்டில் இணையும்போது நமக்குக் கிடைக்கும் அந்த நம்பரை கம்ப்யூட்டரில் தட்டினால் தெருப் பெயர், வீட்டு நம்பரோடு ஆள் வந்து நிற்பார் என்று. அப்படி எதுவும் வராது. இந்த ஒரு வரியால் எங்கள் ஊர்ப் பக்கம் என்னென்ன வம்பு வருகிறது என்பதைப் பார்க்கிற இடத்தில் நான் இருக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், இடமில்லை என்றால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் நேரக் கணக்கைப் பற்றி எழுதியிருப்பதை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

கிருஷ்ணகிரியில் கேபிள் டிவியோடு பைபர் நெட் கனெக்‌ஷனும் கொடுக்கும் சின்னத் தொழில் என்னுடையது. பெரிய கம்பெனியிடம் பிரான்சைஸ் எடுத்து, கம்பத்தில் ஒயர் இழுத்து, வீட்டில் ரூட்டர் மாட்டி, மாதாமாதம் பணம் வசூலிக்கிற வேலை. ஒயர் அறுந்தால் என்னைக் கூப்பிடுகிறார்கள், அது நியாயம். ஆனால் இப்போதெல்லாம் பாதி போன் வேறு விஷயத்துக்கு வருகிறது. "அண்ணா, என் ஜிமெயிலை மும்பையில யாரோ திறந்திருக்கான்னு மெசேஜ் வந்திருக்கு." "ணா, நம்ம வீடு கிருஷ்ணகிரிதானே, லேப்டாப்ல பெங்களூரு மழைன்னு காட்டுது." இன்னொருவர் நேராக ஆபீசுக்கே வந்து ஒரு துண்டுச் சீட்டை நீட்டி, இந்த ஐ.பி. யாருடையது என்று சொல்லு, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அந்த மீதி என்ன என்று நினைத்தாலே பயமாக இருந்தது.

முதலில் அந்த நம்பர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். உலகத்துக்கான மொத்த ஐ.பி. நம்பர்களும் ஐ.ஏ.என்.ஏ. என்ற அமைப்பிடம் இருந்து ஐந்து வட்டார அமைப்புகளுக்குப் போகின்றன. ஆசியா, பசிபிக் பகுதிக்கானது ஏப்னிக், ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இருக்கிறது. இந்தியாவில் நிக்சி என்ற அமைப்பின் கீழ் ஐரின் என்ற பதிவகம் இருக்கிறது. இவர்களிடம் இருந்து நெட் கம்பெனிகள் மொத்தமாக நம்பர் வாங்கி வைத்துக்கொள்கின்றன. பதிவேட்டில் யார் பெயர் இருக்கும்? கம்பெனி பெயர். எந்த விலாசம் இருக்கும்? அந்தக் கம்பெனியின் தலைமை அலுவலக விலாசம், அதாவது பெரும்பாலும் மும்பை, டெல்லி, பெங்களூரு, ஹைதராபாத். காவேரிப்பட்டணத்தில் மாந்தோப்பு வீட்டில் உட்கார்ந்து மெயில் பார்க்கிறவருக்கு மும்பை என்று வருவதன் ரகசியம் இவ்வளவுதான். பெரும்பாலும் யாரும் அவர் அக்கவுண்டைத் திறந்திருக்க மாட்டார்கள், அவரேதான் திறந்திருப்பார்.

நம் ஆட்கள் இதை வேறு மாதிரி நினைப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. லேண்ட்லைன் காலத்தில் நம்பரைப் பார்த்தே ஊர் சொல்லலாம். 04342 என்றால் தர்மபுரி, 04343 கிருஷ்ணகிரி, 04344 ஓசூர். எக்சேஞ்சுக்கும் ஊருக்கும் நேர்க் கணக்கு இருந்தது. ஐ.பி. நம்பரை அப்படி ஊர்வாரியாக யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை. இன்று சேலத்தில் பயன்படும் நம்பர் தொகுப்பை நாளை கம்பெனி கோயம்புத்தூருக்கு மாற்றிக்கொள்ளலாம், வேறு கம்பெனிக்கு விற்கக்கூட செய்யலாம். எந்த ஊரில் பயன்படுத்துகிறாய் என்று கேட்க யாரும் இல்லை.

பின்னே சில சைட்டுகளில் ஐ.பி. போட்டால் மேப்பில் குண்டூசி குத்திக் காட்டுகிறதே, அது எப்படி என்று கேட்பார்கள். அது ஊகம். மேக்ஸ்மைண்ட், ஐ.பி.டூலொக்கேஷன், ஐ.பி.இன்போ என்று இதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன, இவர்கள் பல இடத்தில் இருந்து துப்பு சேர்த்து ஒரு பட்டியல் போடுகிறார்கள். பதிவேட்டு விலாசம் ஒரு துப்பு. வழியில் இருக்கும் ரூட்டர்களுக்கு கம்பெனிக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் இன்னொன்று, அதில் பல நேரம் ஊரின் மூன்றெழுத்துச் சுருக்கம் ஒளிந்திருக்கும். அப்புறம் தூரத்தை நேரத்தால் அளப்பது. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும், ஆகவே போய்த் திரும்ப 1 மில்லி வினாடி ஆனால் எதிர்முனை அதிகபட்சம் 100 கி.மீ. தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போடலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கிருஷ்ணகிரிக்கும் பெங்களூருவுக்கும் 90 கி.மீ.தான், அந்த 1 மில்லி வினாடியை வீட்டு வைஃபையே தின்றுவிடும். கம்பெனிகளே தங்கள் நம்பர் தொகுப்பு எந்த ஊரில் இருக்கிறது என்று பட்டியல் வெளியிட 2020-ல் ஒரு வழிமுறை வகுத்தார்கள், ஒழுங்காகச் செய்கிற கம்பெனியின் நம்பர்களுக்கு ஊர் ஓரளவு சரியாக வரும். அதைக் கண்டுகொள்ளாத கம்பெனிக்கு வராது.

இப்படி ஊகித்த விடையில் நாடு பெரும்பாலும் சரியாக இருக்கும். மாநிலம் பரவாயில்லை. ஊர் என்பது குருட்டாம்போக்கு. தெரு, வீடு என்ற பேச்சுக்கே இடமில்லை. இதை நான் சொல்லவில்லை, மேக்ஸ்மைண்ட் கம்பெனியே தன் விளக்கத்தில், இந்த இடக்குறிப்பைக் குறிப்பிட்ட ஒரு விலாசத்தையோ வீட்டையோ அடையாளம் காணப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறது. ஒவ்வொரு விடையோடும் இத்தனை கிலோமீட்டர் சுற்றளவுக்குள் என்று ஒரு எண்ணும் கொடுக்கிறார்கள். இலவச சைட்டுகள் அந்த எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு ஊசியை மட்டும் காட்டுகின்றன. பெரிய வட்டம் போட்டுக் காட்டினால் யார் நம்பப் போகிறார்கள்? ஊசி என்றால் நம்புவார்கள்.

எங்கள் பக்கம் இது ஏன் இன்னும் மோசம் என்றால், நாங்கள் எல்லையில் இருக்கிறோம். கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கத்துச் சின்ன ஆபரேட்டர்களில் சிலருக்கு மேலிருந்து வரும் பேண்ட்வித் பெங்களூருவில் இருந்து வரும், சிலருக்குச் சென்னையில் இருந்து. சென்னை 250 கி.மீ.க்கு மேல், பெங்களூரு பக்கம், ஆகவே பெங்களூரு வழி போவது தொழிலுக்கு லாபம். அப்படிப் போகும் கனெக்‌ஷனுக்கு உலகம் முழுக்கப் பெங்களூருக்காரர் என்றே பெயர். கன்னட விளம்பரம் வரும், கோரமங்களா பிரியாணிக்கு ஆஃபர் வரும். ஒரே தெருவில் எதிரெதிர் வீடு, ஒருவர் என் கனெக்‌ஷன், ஒருவர் வேறு கம்பெனி, ஒருவரைச் சென்னை என்கிறது, மற்றவரைப் பெங்களூரு என்கிறது. சூளகிரி, வேப்பனப்பள்ளி பக்கமும் இதே கதைதான். தர்மபுரியில், பாலக்கோட்டில், அரூரில் கேட்டுப் பாருங்கள், அங்கே சேலம், கோயம்புத்தூர் என்று வேறு பாட்டு பாடும்.

மொபைல் டேட்டா என்றால் கேட்கவே வேண்டாம். நீங்கள் பென்னாகரத்தில் நின்று போனைத் திறந்தாலும் உங்கள் டேட்டா முதலில் கம்பெனியின் பெரிய கேட்வே, அதாவது வெளி நெட்டுக்குப் போகும் வாசல், இருக்கும் நகரத்துக்குப் போய், அங்கிருந்துதான் வெளியுலகத்தில் இறங்குகிறது. ஐ.பி. நம்பர் அந்த கேட்வேயில்தான் கிடைக்கிறது. ஒகேனக்கல் படகுத்துறையில் நிற்பவருக்கும் சென்னை தி.நகரில் நிற்பவருக்கும் ஒரே நகரம் காட்டினால் ஆச்சரியப்பட எதுவுமில்லை.

இன்னொன்று, இது ரொம்ப முக்கியம். பழைய முறை ஐ.பி. நம்பர்கள் மொத்தமே சுமார் 430 கோடிதான். உலக மக்கள்தொகை 800 கோடி, ஆளுக்கு ஒரு போன், வீட்டுக்கு ஒரு டிவி, கேமரா. ஐ.ஏ.என்.ஏ.விடம் இருந்த கடைசி தொகுப்புகள் 2011 பிப்ரவரியில் தீர்ந்தன, ஏப்னிக்குக்கு அதே ஆண்டு ஏப்ரலில் தட்டுப்பாடு வந்துவிட்டது. அதனால் நெட் கம்பெனிகள் என்ன செய்தன என்றால், வெளியுலகத்துக்குத் தெரிகிற ஒரே ஐ.பி.யை (பப்ளிக் ஐ.பி.) நிறைய வாடிக்கையாளர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தன. இன்று என் வாடிக்கையாளரில் பெரும்பாலானவருக்குத் தனி ஐ.பி. கிடையாது. சிசிடிவியை வெளியூரில் இருந்து பார்க்க வேண்டும் என்று கேட்டு, கூடுதல் பணம் கட்டி ஸ்டாட்டிக் ஐ.பி., அதாவது தனக்கென்று மாறாத நம்பர், வாங்குகிறவர்கள் கொஞ்சம் பேர், மற்ற எல்லோரும் பங்காளிகள்தான்.

இதை ஒரு லாட்ஜ் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜில் 12-ம் நம்பர் ரூம் என்று சொன்னால் மட்டும் ஆள் தெரியாது, எந்தத் தேதி, எத்தனை மணி என்று சொல்லி ரெஜிஸ்டரைப் புரட்ட வேண்டும். அந்த ரெஜிஸ்டர் லாட்ஜ்காரரிடம் மட்டும்தான் இருக்கும். அதிலும் இப்போது ரூம் எல்லாம் டார்மிட்டரி ஆகிவிட்டதால் எந்தக் கட்டில் என்றும் சொல்ல வேண்டும். நெட்டில் அந்தக் கட்டில் நம்பருக்குப் பெயர் போர்ட் நம்பர். ஒரு ஐ.பி.க்கு 65,536 போர்ட் உண்டு, அதைப் பிரித்துப் பிரித்துத்தான் வாடிக்கையாளருக்குக் கொடுக்கிறார்கள். வெப்சைட் நடத்துகிறவர்கள் ஐ.பி.யோடு போர்ட் நம்பரையும், துல்லியமான நேரத்தையும் குறித்து வையுங்கள் என்று 2011-லேயே ஒரு பரிந்துரை வந்தது. இன்றைக்கும் ஏகப்பட்ட சைட்டுகள் ஐ.பி.யை மட்டும்தான் எழுதி வைக்கின்றன. ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோல் 2017-ல், இப்படிப் பங்கு போடுவதால் குற்றவாளியைப் பிரித்தெடுக்க முடியவில்லை, இந்த முறையையே ஒழியுங்கள் என்று வெளிப்படையாகக் கேட்டது. போலீசே திணறுகிற விஷயத்தைத்தான் நாம் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆக, போலீஸ் ஒரு ஆளைப் பிடிக்கும்போது உண்மையில் நடப்பது என்ன? ஐ.பி.யைப் பார்த்து எந்தக் கம்பெனி என்று தெரிந்துகொள்கிறார்கள். அது யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பிறகு சட்டப்படி அந்தக் கம்பெனிக்குக் கடிதம் அனுப்பி, இந்த நம்பர் இந்த நேரத்தில் எந்த வாடிக்கையாளரிடம் இருந்தது என்று கேட்கிறார்கள். கம்பெனி தன் லாக்கை, அதாவது எந்த நம்பர் எப்போது யாரிடம் இருந்தது என்ற பதிவை, பார்த்து, கனெக்‌ஷன் வாங்கும்போது கொடுத்த ஆதார் விலாசத்தை எடுத்துக் கொடுக்கிறது. வீடு அந்தப் பதிவேட்டில் இருந்து வந்தது, ஐ.பி. நம்பரில் இருந்து வரவில்லை. லாக்குகளை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்பதை மத்திய தொலைத்தொடர்புத் துறை 2021 டிசம்பரில் ஓராண்டில் இருந்து இரண்டு ஆண்டுகளாக உயர்த்தியது. அந்த லாக்கும் லைசென்ஸ் வைத்திருக்கும் கம்பெனியிடம் இருக்கிறது, என்னைப் போன்ற பிரான்சைஸ்காரனிடம் இல்லை. இருந்தாலும் துண்டுச் சீட்டு நீட்டுகிறவருக்குக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை.

இப்போது நான் சொன்ன நேரக் கணக்கு. பெரும்பாலான சர்வர்கள் உலகப் பொது நேரத்தில் எழுதுகின்றன, நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால். இரவு 9 மணிக்கு நடந்த சம்பவம் லாக்கில் 15:30 என்று இருக்கும். அதை மதியம் மூன்றரை என்று படித்துவிட்டுக் கம்பெனியிடம் கேட்டால், மதியம் மூன்றரைக்கு அந்த நம்பர் யாரிடம் இருந்ததோ அவர் மாட்டுவார். இரவில் அதைப் பயன்படுத்தியவர் நிம்மதியாகத் தூங்குவார். மோடம் அணைத்துப் போட்டாலே நம்பர் மாறுகிற கனெக்‌ஷன்தான் நம் ஊரில் அதிகம், ஐந்தரை மணி நேரம் என்பது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று யோசித்துப் பாருங்கள். இந்திய கம்பெனிகள் தங்கள் கடிகாரங்களை அரசின் நேர சர்வர்களோடு ஒத்து வைக்க வேண்டும் என்று மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவு போட்டது. கடிகாரம் சரியாக இருந்தாலும் அதைப் படிக்கிற மனிதர் சரியாகப் படிக்க வேண்டுமே.

இது நடக்காத விஷயமும் இல்லை. 2007-ல் பெங்களூருவில் சாப்ட்வேர் வேலையில் இருந்த ஒரு இளைஞரை, அப்போது இருந்த ஆர்குட் என்ற சமூக வலைதளத்தில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்திப் படம் போட்டார் என்று புனே போலீசார் வந்து பிடித்துக்கொண்டு போனார்கள். 50 நாள் சிறையில் இருந்தார். கடைசியில் பார்த்தால் நெட் கம்பெனி கொடுத்த ஐ.பி. விவரமே தப்பு, அவருக்கும் அந்தப் படத்துக்கும் சம்பந்தமே இல்லை. அதிகாரப்பூர்வமாகக் கேட்டு, அதிகாரப்பூர்வமாகப் பதில் வந்த கேஸ் அது. இலவச சைட்டின் ஊசியை நம்பி ஆளைத் தேடுவது எந்த லட்சணத்தில் இருக்கும்?

அமெரிக்காவில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும், பாதிக்கப்பட்டவர்கள் மன்னிக்கட்டும். ஒரு ஐ.பி. அமெரிக்காவில் இருக்கிறது என்பது மட்டும் தெரியும், ஊர் தெரியாது என்றால் மேப்பில் எங்கே குத்துவது? மேக்ஸ்மைண்ட் நாட்டின் நடுப்பகுதியில் குத்தலாம் என்று முடிவு செய்து, தசமப் புள்ளியெல்லாம் வேண்டாம் என்று ரவுண்டாக 38 டிகிரி வடக்கு, 97 டிகிரி மேற்கு என்று வைத்தது. அந்த இடம் கான்சஸ் மாநிலத்தில் பாட்வின் என்ற குக்கிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை வீடு. 60 கோடிக்கு மேற்பட்ட ஐ.பி. நம்பர்கள் அந்த ஒரு வீட்டின் மீது வந்து விழுந்தன. மோசடி என்றாலும், திருட்டு என்றாலும், தற்கொலை மிரட்டல் என்றாலும் போலீஸ், எஃப்.பி.ஐ., ஆம்புலன்ஸ், ஏமாந்தவர்கள் எல்லோரும் அந்த வீட்டு வாசலில். வருடக்கணக்கில் ஏன் என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. 2016-ல் ஒரு பத்திரிகையாளர் தோண்டி எடுத்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. கவனியுங்கள், கண்டுபிடித்தது பத்திரிகை. பிறகு கம்பெனி அந்தப் புள்ளியை விச்சிடா நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஏரியின் நடுவே நகர்த்தி வைத்தது. தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவிலும் இதே மாதிரி, நகரத்தின் மையம் என்று ஒரு அமெரிக்க அரசு அமைப்பு குறித்து வைத்திருந்த புள்ளி ஒரு குடும்பத்தின் கொல்லைப்புறத்தில் இருந்ததால், திருட்டுப் போன போனைத் தேடி ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

நமக்கும் அப்படி ஒரு புள்ளி உண்டு. சி.ஐ.ஏ. வெளியிட்டு வந்த உலக விவர ஏட்டில் இந்தியாவுக்கு 20 டிகிரி வடக்கு, 77 டிகிரி கிழக்கு என்று போட்டிருந்தார்கள். மேப்பில் பார்த்தால் மகாராஷ்டிராவில் வாஷிம் என்ற ஊருக்குப் பக்கம். ஏதாவது ஒரு சைட்டில் உங்கள் ஐ.பி. அங்கே காட்டினால், இந்தியா என்பதற்கு மேல் எங்களுக்கு எதுவும் தெரியாது என்று அர்த்தம்.

ஊருக்கும் இதே மாதிரி மையப்புள்ளி இருக்கிறது, அதில்தான் நம் ஊர் வம்பு. எனக்குத் தெரிந்தவர் ஒருவர் ஊறுகாயும் மாம்பழ ஜாமும் நெட்டில் விற்கிறார். யாரோ கேஷ் ஆன் டெலிவரியில் பொய் ஆர்டராகப் போட்டுத் தள்ளியிருக்கிறார்கள், பார்சல் போய்ப் போய்த் திரும்பி வந்து கூரியர் காசு தண்டம். ஆர்டரோடு வந்த ஐ.பி.யை எடுத்து ஒரு சைட்டில் போட்டிருக்கிறார், ஊசி கிருஷ்ணகிரியில் வந்து குத்தியிருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் அது தொழில் போட்டியாளர் ஒருவரின் கடை இருக்கும் தெரு. அவ்வளவுதான், ஆள் சேர்த்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நல்லவேளை, அதற்கு முன் என்னிடம் சொன்னார்கள். அதே நம்பரை வேறு வேறு சைட்டுகளில் போட்டுக் காட்டினேன். ஒன்று பெங்களூரு என்றது, ஒன்று சென்னை, ஒன்று கோயம்புத்தூர். கிருஷ்ணகிரி என்று சொன்ன சைட்டிலேயே என் வீட்டு ஐ.பி.யைப் போட்டேன், ஊசி அதே தெருவில் அதே இடத்தில் குத்தியது. அப்ப நான்தான் அந்த ஆர்டரைப் போட்டேனா என்று கேட்ட பிறகுதான் ஆள் கொஞ்சம் அடங்கினார். முழுசாக நம்பினாரா என்பது சந்தேகம்தான், பேப்பர்லயே போடுறாங்களே என்று முனகிக்கொண்டேதான் போனார்.

சரி, ஐ.பி. ஒன்றுமே சொல்லாதா என்றால் அப்படியும் இல்லை, சில இடத்தில் நாம் நினைப்பதைவிட அதிகம் சொல்லும். ஓசூர் சிப்காட்டில் பெரிய கம்பெனி ஒன்று லீஸ்டு லைன், அதாவது தனக்கென்று தனி லைன், எடுத்து, தன் பெயரிலேயே ஐ.பி. தொகுப்பைப் பதிவு செய்து வைத்திருந்தால், அந்த ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்து நீங்கள் செய்யும் எல்லாவற்றிலும் கம்பெனி பெயர் ஒட்டிக்கொண்டு போகும். கல்லூரிகளும் அரசு அலுவலகங்களும் இப்படித்தான். 2007-ல் விக்கிஸ்கேனர் என்று ஒரு கருவி வந்தது, விக்கிபீடியாவில் பெயர் போடாமல் செய்த திருத்தங்களின் ஐ.பி.யை எடுத்து எந்த நிறுவனத்தில் இருந்து வந்தது என்று அம்பலப்படுத்தியது. தங்கள் நிறுவனத்தைப் பற்றிய கட்டுரையில் தாங்களே கை வைத்த பலர் மாட்டிக்கொண்டார்கள். வேலை செய்கிற இடம் தெரிந்தால் அது எந்த ஊர் என்று கண்டுபிடிக்க மேப் எதற்கு? ஆபீஸ் லைனில் உட்கார்ந்து முதலாளியைத் திட்டி எழுதுகிறவர்கள் இதை மட்டும் படித்தால் போதும்.

புது முறை ஐ.பி.யான வெர்ஷன் 6-ல் நம்பருக்குப் பஞ்சமே இல்லை, வீட்டுக்கு ஒரு தொகுப்பே கொடுக்கலாம். இந்தியா அதை அதிகம் பயன்படுத்தும் நாடுகளில் ஒன்று. அதில் பங்காளித் தொல்லை இல்லாததால் கம்பெனி தன் லாக்கில் ஆளைப் பிரிப்பது சுலபம். ஆனால் வெளியே இருந்து மேப்பில் பார்க்கிறவருக்கு அப்போதும் அதே ஊகம்தான்.

போனில் மேப்பைத் திறந்தால் நம் வீட்டுத் திண்ணையில் நீலப்புள்ளி நிற்கிறதே என்று கேட்பார்கள். அது ஐ.பி.யால் வருவதில்லை. ஜி.பி.எஸ்., சுற்றியிருக்கும் வைஃபை ரூட்டர்கள், டவர், இந்த மூன்றும் சேர்ந்து சொல்வது. திறந்த வானத்தின் கீழ் ஜி.பி.எஸ். சில மீட்டர் வரைக்கும் சரியாகச் சொல்லும். வைஃபை விஷயம் வேடிக்கையானது, எந்த ரூட்டர் எந்த இடத்தில் இருக்கிறது என்று கூகுளும் ஆப்பிளும் பெரிய பட்டியல் வைத்திருக்கின்றன. கொரோனா சமயத்தில் பெங்களூருவில் ரூம் காலி செய்துவிட்டு வந்த பிள்ளைகள் ரூட்டரையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தார்கள், இங்கே மாட்டியதும் லேப்டாப் இன்னும் பெங்களூரு தெருவிலேயே நிற்பதாகக் காட்டியது, பட்டியல் திருந்தும் வரைக்கும் அப்படித்தான். டவரும் தனிக் கதை. எல்லையில் ஜூஜூவாடியில் நிற்கும் போன் அத்திப்பள்ளி டவரைப் பிடித்துக்கொள்ளும், ஆள் தமிழ்நாட்டில், டவர் கர்நாடகாவில். இவற்றை ஐ.பி.யோடு போட்டுக் குழப்பக் கூடாது. உண்மையில் பயப்பட வேண்டியது டார்ச் லைட் ஆப்புக்கும் கேம் ஆப்புக்கும் கேட்டவுடன் லொக்கேஷன் பர்மிஷனைத் தூக்கிக் கொடுக்கிறோமே, அதற்குத்தான்.

நான் இவ்வளவு சொல்வதற்கு இன்னொரு காரணம் மோசடிக்காரர்கள். "உங்க ஐ.பி. அட்ரஸை டிரேஸ் பண்ணிட்டோம், நீங்க தர்மபுரி மாவட்டம்னு தெரியும், ஆபாசப் படம் பார்த்திருக்கீங்க, பணம் கட்டலைனா டீம் வரும்" என்று போன் வருகிறது. பயந்துபோய்ப் பணம் கட்டியவர்களும் இருக்கிறார்கள், வெளியே சொல்ல வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்கிறார்கள். மாவட்டத்தின் பெயர் சொல்வதற்கு ஐ.பி.யே தேவையில்லை, எங்கெங்கோ கொடுத்த போன் நம்பரும் பின்கோடும் கசிந்து விலைக்கு விற்கிறது. ஐ.பி. மந்திரக்கோல் மாதிரி ஆளைக் காட்டிவிடும் என்று செய்திகளில் படித்துப் படித்து நம்பி வைத்திருப்பதால்தான் இந்த மிரட்டல் பலிக்கிறது.

அதனால் உங்கள் நிருபர்களிடம் ஒரே ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள். இடம் எப்படித் தெரிந்தது? நெட் கம்பெனியின் வாடிக்கையாளர் பதிவா, டவர் விவரமா, வங்கிக் கணக்கு விலாசமா, இல்லை பார்சல் வாங்கிய முகவரியா? இன்ஸ்பெக்டர் சொல்ல மறுத்தால், 'விசாரணையில் தெரியவந்தது' என்று போட்டுவிட்டுப் போகலாம், யாரும் கேட்கப் போவதில்லை. விசாரணை முறையை வெளியே சொல்லக் கூடாது என்பதும் நியாயமாக இருக்கலாம். தெரியாததை ஐ.பி. தலையில் கட்டாமல் இருந்தால் சரி.

கடைசியாக, நிஜமாகவே ஏமாந்தவர்களுக்கு. நீங்களே ஐ.பி.யைத் தேடி அலைய வேண்டாம். உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள், அல்லது மத்திய அரசின் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்யுங்கள், பணம் போயிருந்தால் அது அடுத்தடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் சொல்வது நல்லது. ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி எடுங்கள், முடிந்தால் வினாடி வரைக்கும் குறித்து வையுங்கள், பரிவர்த்தனை நம்பர், மெசேஜ் வந்த நம்பர், லிங்க் எதையும் அழிக்காதீர்கள். சொந்தமாக வெப்சைட் வைத்து வியாபாரம் செய்கிறவர்கள், சைட் செய்து கொடுத்தவரிடம் சொல்லி லாக்கில் போர்ட் நம்பரும் பதிவாகிற மாதிரி இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள், சம்பவம் நடந்த பிறகு மாற்றினால் அந்தப் பழைய ஆர்டருக்கு அது உதவாது.

இப்படிக்கு,
பைபர் நெட் கனெக்‌ஷன் கொடுக்கும் ஒருவர்,
கிருஷ்ணகிரி.
(பெயர் வெளியிட வேண்டாம். ஏற்கெனவே வரும் போன்களே போதும்.)